இடிந்த வீடுகள்: சில நூல்களும் சில படங்களும்

நாவலொன்று திரைப்படமாகும்போது நம்மவரிடையே இருவகைத் தீர்ப்புகள் உடனே எழுகின்றன. நூலை முன்னரே படித்தவர், "நாவலில் உள்ளது படத்தில் இல்லை" என்கிறார். நூலைப் படியாதவர், "படத்தைப் பார்த்தாயிற்று, இனி நூல் எதற்கு?" என்கிறார். முதலாமவருக்குத் திரைப்படம் நூலின் குறைப்பிரதி. இரண்டாமவருக்கு நூல் திரைப்படத்தின் நீண்ட கதைவசனம். பார்வைக்கு எதிரெதிரான இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரே கதையை இரண்டு பாத்திரங்களில் வார்த்தால் இரண்டிலும் ஒரே பொருள் இருக்கும், ஆதலின் ஒன்று போதும் என்னும் எண்ணமே அது. இவ்வெண்ணம் எவ்வளவுதூரம் பொருந்தும் என்பதைச் சில நூல்களையும் அவற்றிலிருந்து பிறந்த படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தே முடிவுசெய்தல் வேண்டும்.

அண்மையில் ஒரு பருவகாலத்துள் மூன்று திரைப்படங்கள் விரிவுரை மண்டபமொன்றில் மாலைவேளைகளில் மாணவருக்குக் காட்டப்பட்டன. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955), லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' (1963), மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) என்பனவே அவை. அவற்றுக்கு ஆதாரமான நூல்களும் அதே வாரங்களில் விடுதி அறைகளிற் கைமாறிக்கொண்டிருந்தன. திட்டமிட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவை அல்லவெனினும் மூன்றுக்கும் இடையே ஒரு பொதுமை புலப்படுகின்றது: மூன்றும் ஒரு வீடு இடிந்த கதைகள். முதலாவது வறுமையால் இடிந்தது. இரண்டாவது காலமாற்றத்தால் இடிந்தது. மூன்றாவது வீட்டுத் தலைவனாலேயே இடிந்தது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' 1929இல் நூலுருப்பெற்றது. தமிழில் அதனைத் தந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அந்நாவலைப் படிப்பவனுக்கு முதலில் ஏற்படும் உணர்வு, கதை எங்கும் போகவில்லை என்பதேயாகும். நிச்சிந்திபுரம் என்னும் வங்கக் கிராமத்தில் மூங்கிற் புதர்கள், மாமரங்கள், குளங்கள், அவற்றிடையே திரியும் துர்க்கா, அப்பு என்னும் இரு குழந்தைகள் என்று பக்கங்கள் விரிந்துகொண்டே செல்கின்றன. பொறுமையற்ற வாசகன் இவ்விடத்தில் நூலை மூடிவிடுதல் கூடும். மூடாதவன், ஒரு கட்டத்திலே, தான் கதை படிக்கவில்லை, ஒரு பிள்ளையின் வயதில் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்பதை உணர்கிறான். குழந்தைக்குக் காலம் நகர்வதில்லை. விபூதிபூஷண் அந்த நகராக் காலத்தையே எழுதினார்.

திரைப்படத்துக்கு அத்தகைய நேரம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் அது சொல்லி முடிக்கவேண்டும். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராயிருந்த காலத்தில், இந்நாவலின் சுருக்கப் பதிப்பொன்றுக்குச் சித்திரம் வரைந்தவர் ராய். எதை விடுவது, எதைக் கொள்வது என்னும் சிந்தனை அப்போதே அவருள் முளைத்திருத்தல் வேண்டும். அவர் செய்த மாற்றங்களுள் மூன்று மனங்கொள்ளத்தக்கவை.

முதலாவது, முதியவளான இந்திர் தாக்ரூன் பற்றியது. நாவலில் அவள் தொடக்கப் பகுதியிலேயே இறந்துபோகிறாள். அப்பு அப்போது கைக்குழந்தை. ராய் அவளுடைய ஆயுளை நீட்டினார். படத்தில் அப்பு வளர்ந்து சிறுவனான பின்னரும் அவள் வாழ்கிறாள். மூங்கிற் காட்டிடையே குந்தியிருந்தவாறே அவள் உயிர் பிரிந்திருப்பதைக் குழந்தைகளே காண்கின்றனர். நாவலில் அவளது மரணம் பழைய தலைமுறையொன்றின் முடிவு. படத்தில் அது குழந்தைகள் மரணத்தை முதன்முதலிற் கண்ட நாள். சம்பவம் ஒன்று, பொருள் வேறு.

இரண்டாவது, புகையிரதம். நாவலில் துர்க்கா புகையிரதத்தைக் காணாமலே இறக்கிறாள். அக்காவும் தம்பியும் புகையிரதப் பாதையைத் தேடி அலைந்து வெறுங்கையுடன் திரும்புகின்றனர். படத்தில், காற்றில் அசையும் வெண்ணிற நாணற்பூக்களுக்கிடையே இருவரும் ஓசையைக் கேட்டு ஓடுகின்றனர். துர்க்கா இடறிப் பின்தங்க, அப்புவே பாதையை எட்டுகிறான். இக்காட்சியின் முதற்பகுதி எடுக்கப்பட்டபின், மறுமுறை சென்றபோது மாடுகள் பூக்கள் முழுவதையும் மேய்ந்துவிட்டிருந்தன என்றும், அடுத்த பூக்காலம்வரை காத்திருக்க நேர்ந்தது என்றும் ராய் எழுதியுள்ளார். அக்காத்திருப்பு வீண்போகவில்லை. எனினும் நூலைப் படித்துவிட்டு அக்காட்சியைப் பார்ப்பவனின் நெஞ்சு கனப்பதற்குக் காரணம் பூக்களின் அழகு மாத்திரமன்று. நாவலாசிரியர் அவளுக்குத் தர மறுத்ததைத் திரைப்படக்காரர் அரைகுறையாகத் தந்தார் என்பதை அவன் அறிவான். அறியாதவனுக்கு அது இரு குழந்தைகள் புகையிரதம் பார்க்க ஓடிய காட்சி.

மூன்றாவது, திருட்டு. துர்க்கா திருடவில்லை என்று சாதித்த பொருளை, அவள் இறந்தபின் அப்பு கண்டெடுக்கிறான். நாவலில் அது ஒரு சிறு பொற்சிமிழ். அவன் அதனை மூங்கிற் காட்டுக்குள் எறிகிறான். படத்தில் அது ஒரு மாலை. அதனைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மாலையை விழுங்குகிறது. பின்னர் மெல்ல மூடிக்கொள்கிறது. ஒரு சொல்லும் பேசப்படவில்லை. அக்காவின் மானத்தைத் தம்பி காத்துவிட்டான். இனி அந்த இரகசியம் குளத்துக்கும் அவனுக்கும் மட்டுமே உரியது. மூலத்தை மாற்றியதால் மூலத்தின் உட்பொருளுக்கு மேலும் நெருங்கிய இடம் இதுவெனத் துணிந்து கூறலாம்.

நகரிலிருந்து மீண்ட ஹரிஹரன், மகள் இறந்ததை அறியாமல், அவளுக்கென வாங்கிய சேலையை எடுத்து நீட்டும் கட்டத்தில் சர்வஜயாவின் அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. வாய் திறக்கிறது, ரவிசங்கரின் இசையமைப்பில் தார்ஷெனாயின் ஓலம் எழுகிறது. மண்டபத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிறு பேச்சொலிகளும் அவ்வேளையில் அடங்கிவிட்டன. பெற்ற தாயின் அழுகையை நடிகையின் தொண்டை தாங்காது என்று கருதிய கலைஞனின் அடக்கம் அது. இதற்கு நிகரானதொன்றை நூலிற் காண இயலாது. காணவேண்டும் என்று கேட்பதும் நியாயமன்று.

ஆயினும் படம் விட்டுச்சென்ற ஒன்றும் உண்டு. குடும்பம் வண்டியேறிக் காசிக்குப் புறப்படுவதுடன் படம் முடிகிறது. வெறிச்சோடிய வீட்டினுள் ஒரு பாம்பு ஊர்ந்து செல்கிறது. நாவல் அங்கு முடிவதில்லை. காசியில் ஹரிஹரன் இறப்பதையும், சர்வஜயா செல்வர் வீட்டில் சமையல் வேலை செய்வதையும் அது சொல்கிறது. ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்க்கு நகரம் எதை வைத்திருந்தது என்பது நாவலிலே உள்ளது. ராய் அப்பகுதியை 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்கு எடுத்துக்கொண்டார். 1980இல், நாடாளுமன்ற மேலவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்திய வறுமையை வெளிநாட்டாருக்குக் காட்டிப் பெயர் பெறுகிறார் எனக் குற்றஞ்சாட்டினார். இதற்கு எதிரான கண்டனமும் உண்டு: வறுமையை அவர் அளவுக்கு மீறி அழகாகக் காட்டிவிட்டார் என்பது அது. முதற் குற்றச்சாட்டுக்குப் படமே பதிலளிக்கும். இரண்டாவதற்குப் பதில் வேண்டுவோர் நாவலின் இறுதிப் பகுதியைப் படித்தல் நன்று.

வங்கத்துக் குடிசையிலிருந்து தென்னிலங்கையின் பெரிய வீட்டுக்கு வருவோம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' 1944இல் வெளிவந்தது. இதனை 'கிராமப் பிறழ்வு' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவர் எம். எம். உவைஸ். தலைப்பே நாவலின் பொருளைச் சொல்லிவிடுகிறது. கைசாருவத்தை முகாந்திரத்தின் வீடு 'மகாகெதர' எனப்படுகின்றது. நமது ஊர்களிலே 'பெரிய வீடு' என்று சுட்டப்படுவது போன்றதே இதுவும். ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவ்வீட்டின் இளைய மகள் நந்தாவை விரும்புகிறான். குலத்தில் தாழ்ந்தவன் என்பதால் மறுக்கப்படுகிறான். குலம் உள்ளதாயினும் பொருள் இல்லாத ஜினதாச அவளை மணக்கிறான். வாணிபத்தில் நொடிந்து, ஊரைவிட்டுச் சென்று, அங்கேயே மறைகிறான். கொழும்பில் வாணிபத்தால் உயர்ந்த பியலை நந்தா பின்னர் மணக்கிறாள். மணந்த பின்னர், முன்பு வந்த மரணச் செய்தி தவறு என்பதும், ஜினதாச அண்மையிலேதான் இறந்தான் என்பதும் தெரியவருகின்றன.

கதைச் சுருக்கமாக நோக்கின் இதில் நூதனம் யாதுமில்லை. விக்கிரமசிங்கவின் ஆற்றல் நந்தாவின் மனத்தை அவர் வாசித்த முறையிலே உள்ளது. பியலை மறுத்தவர்கள் பெற்றோர் மாத்திரம் அல்லர். நந்தாவினுள்ளேயே குலப்பெருமை குடியிருக்கின்றது. விருப்பமும் பெருமையும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. ஒரு சமூக அமைப்பு தனிமனிதரின் ஆசைக்குள்ளும் வேரோடியிருக்கும் என்பதைக் கோட்பாடாகக் கூறுதல் எளிது. ஒரு பெண்ணின் மனத்தயக்கமாக அதனை எழுதிக் காட்டுதல் அரிது. வாணிப வர்க்கம் எழுவதும் நிலவுடைமைக் குடும்பம் வீழ்வதும் பாடநூல்களில் இரண்டு வரிகள். விக்கிரமசிங்கவுக்கு அது ஓர் இல்லத்தின் அன்றாட வாழ்வு.

லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இதனைப் படமாக்கத் துணிந்தபோது சிங்களத் திரையுலகம் தென்னிந்தியப் படங்களின் அச்சிலேயே பெரும்பாலும் வார்க்கப்பட்டிருந்தது. 1956இல் 'ரேகாவ' படத்தின் வாயிலாகப் படப்பிடிப்பைக் கலையகத்துக்கு வெளியே கொண்டுவந்த அவர், 'கம்பெரலிய'வில் ஆடலும் பாடலும் கொண்ட வழமையான வாய்பாட்டையும் கைவிட்டார். திரைக்கதையை றெஜி சிறிவர்த்தன எழுதினார், இசை அமரதேவ. 1965இல் புதுதில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் தங்க மயில் விருதைப் பெற்றது.

நாவலில் பக்கம் பக்கமாக விரியும் நந்தாவின் மனத்தைப் படம் எவ்வாறு காட்டும்? புண்யா ஹீந்தெனியவின் முகத்தில் அதனை வைத்தார் பீரிஸ். அவள் அதிகம் பேசுவதில்லை. சன்னலருகே நிற்கிறாள், கதவைச் சாத்துகிறாள், தலைகுனிகிறாள். ஹென்றி ஜயசேனவின் பியல் அவளைப் பார்க்கிறான். அவ்வளவே. வசனத்தால் உணர்ச்சியைக் கொட்டும் படங்களுக்குப் பழகிய பார்வையாளன் தொடக்கத்திற் சலிப்படைகிறான். பின்னர் அம்மௌனத்துக்குள் மெல்ல இழுக்கப்படுகிறான்.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. படத்தில் அப்பெரிய வீடு மிக அழகானது. தூண்களும் முற்றமும் மெல்லொளியும் சேர்ந்து, அது இடியும்போது பார்வையாளனைத் துக்கப்பட வைக்கின்றன. அவ்வீடு யாருடைய உழைப்பில் நின்றது, யாரை வாசலோடு நிறுத்தியது என்னும் கேள்விகள் அத்துக்கத்திற் கரைந்துபோதல் கூடும். நாவலிலும் அவ்வீட்டின்மீது பரிவு உண்டு. ஆயின் அப்பரிவுக்குப் பக்கத்திலேயே கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது. வீடு ஏன் வீழ்ந்தது, வீழவேண்டியதாயிருந்தது எவ்வாறு என்பதை விக்கிரமசிங்க மறப்பதில்லை. அவர் கதையை அத்துடன் நிறுத்தவுமில்லை. பியலின் வாணிபச் செல்வம் பின்னர் எத்தகைய மனிதரை ஆக்கியது என்பதை 'யுகாந்தய' (1949), 'கலியுகய' (1957) என்னும் நாவல்களில் தொடர்ந்து ஆராய்ந்தார். பீரிஸும் இரண்டு தசாப்தங்களின் பின்னர், 1980களின் தொடக்கத்தில், அவ்விரண்டையும் படமாக்கினார்.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. வீடு இடிந்தபோது உள்ளே இருந்தவர்களின் முகம் எவ்வாறிருந்தது என்பதைப் படம் காட்டுகிறது. அது ஏன் இடிந்தது என்பதை நூல் சொல்கிறது. முகத்தைக் காணாதவனுக்குக் காரணம் வெறும் தகவல். காரணத்தை அறியாதவனுக்கு முகம் வெறும் கண்ணீர். இப்பிரிவினை மாற்றமுடியாத சட்டம் அன்று. மூன்றாவது படம் இதனைச் சிறிது திருத்திக்கொள்ளுமாறு செய்கிறது.

'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவியது எனப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தும் பார்த்தும் முடித்தவர்க்கு அச்சொல் பொருத்தமாகத் தோன்றாது. குறுநாவலிலே வருபவர் இரண்டாந்தாரம் மணந்த ஒரு பேராசிரியர். வீட்டினுள்ளே குழந்தைகளுக்கும் புதிதாக வந்த தாய்க்கும் இடையில் நிகழும் நுண்ணிய மன அசைவுகளே அங்கு பொருள். மகேந்திரன் சுந்தரவடிவேலு என்னும் பெயரை வைத்துக்கொண்டார்; தாயற்ற குழந்தைகளை வைத்துக்கொண்டார்; மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டார். படத்தின் சுந்தரவடிவேலு ஊரிற் செல்வாக்குள்ளவன். பிறர் துன்பத்திற் சுகம் காண்பவன். நோயாளி மனைவி இலட்சுமியை வாட்டுபவன். அவளுடைய தங்கையையும் விரும்புபவன். தூண்டுதலை மட்டுமே அக்குறுநாவலிலிருந்து பெற்றதாக மகேந்திரனே கூறியுள்ளார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

இப்படத்தின் இறுதிக்கட்டம் நீண்ட விவாதத்துக்கு இடமளித்தது. ஊர் மக்கள் ஒன்றுகூடி அவனை ஆற்றில் இறங்கி மடியுமாறு நிர்ப்பந்திக்கின்றனர். இறங்குமுன் அவன் கூறுவதன் சாரம் இது: இதுவரை தான் ஒருவனே தீயவனாயிருந்தான், இன்று ஊரார் அனைவரையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டான், தான் செய்தவற்றுள் பெரிய தவறு இதுவே. பின்னர் ஆற்றங்கரையில் இரு குழந்தைகள் மாத்திரம் எஞ்சுகின்றனர். தமிழ்ப் படங்களின் வழமைப்படி கொடியவன் அழிந்ததும் பார்வையாளன் நிம்மதியுடன் எழவேண்டும். இங்கு அவனால் எழ முடிவதில்லை. நீதி கிடைத்துவிட்டது, பிள்ளைகளுக்குத் தகப்பனும் இல்லை. ஆற்றங்கரையில் நின்ற கூட்டத்தில் தானும் நின்றிருப்பான் என்பது அவனுக்குத் தெரியும். காரணத்தைச் சொல்வது நூலுக்கே உரியது என்று மேலே கூறியதை இக்காட்சி மறுக்கிறது. திரைப்படமும் சிந்திக்கும், ஆனால் அது நூலின் தோளிலிருந்து இறங்கித் தன் காலில் நடக்கும்போதே அவ்வாறு சிந்திக்கின்றது.

இனி, ஈழத்துத் தமிழ் வாசகன் இவற்றையெல்லாம் நோக்கும்போது இயல்பாக எழும் கேள்வி, நமது வீடுகள் எங்கே என்பது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் பிறேம்நாத் மொறாயிஸின் நெறியாள்கையில் படமாயிற்று. பருவம் பெயர நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைக்கும் மீனவரின் கதை அது. வாடி என்பது இடிவதற்கு முன்னரே பெயர்த்தெடுக்கப்படும் வீடு. அதனை நாவலின் நடுவில் வைத்ததே ஒரு புதுமை. நமது நாவல் ஒன்று திரைக்கு வந்த அரிய சந்தர்ப்பம் அது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையுடன் இணைந்து 'பொன்மணி'யை உருவாக்கினார். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை எவ்வாறு இறுக்கின என்பதை அப்படம் ஆரவாரமின்றிக் காட்டியது. தென்னிந்திய வண்ணப் படங்களுக்குப் பழகிய நமது இரசிகர் அதனை ஆதரித்தாரல்லர். நமது வீட்டின் உள்ளறையை ஒரு சிங்களக் கலைஞர் வந்து பொறுமையாகப் பார்த்தார். வீட்டுக்காரர் வேறு படமாளிகையில் இருந்தனர்.

'பொன்மணி'யும் 'கம்பெரலிய'வும் எதிரெதிர்த் திசையிற் செல்லும் இரு பயணங்கள். தாய்மொழிக் கல்வியால் நாம் பெற்றவை பல. ஒரே வளாகத்தில், ஒரே நூலகத்தில், அயலவரின் மொழியைப் படிக்கத் தெரியாதவராய் இரு சாராரும் அருகருகே அமர்ந்திருப்பதும் அக்காலந்தொட்டு வந்த நிலையே. 'கம்பெரலிய' காட்டப்பட்ட மாலையில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வரிசையில் இருந்தனர். தமிழ் மாணவர் திரையின் அடியில் ஓடிய எழுத்துகளைப் பற்றிக்கொண்டு தொடர்ந்தனர். நந்தா மறுக்கப்பட்ட கட்டத்தில் அவர்களுக்கு அவ்வெழுத்துகளும் தேவைப்படவில்லை. பொருத்தம் பார்க்கும் பெரியவர்கள், கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண், ஆசிரியர் தொழில் பார்க்கும் ஏழை இளைஞன் — இவர்களை அவர்கள் தத்தம் ஊரிலேயே கண்டிருந்தனர். சிங்களத்தில் பிரபுவின் மனை 'வளவ்வ' எனப்படும். தமிழில் வீடும் அதனைச் சூழ்ந்த நிலமும் 'வளவு'. அந்த ஒலியொற்றுமையைக் கேட்டு ஒருவன் மெல்லச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு நல்லது. ஆயினும் அது போதாது. அயலவரும் நம்மைப்போலவே அழுகின்றனர் என்பதைத் திரை ஓர் இரவிற் காட்டிவிடும். அவர்கள் எதற்காக அழுகின்றனர், அந்த அழுகைக்குள் எந்தப் பெருமையும் எந்த அச்சமும் ஒளிந்திருக்கின்றன என்பதை அறிவதற்கு 'கிராமப் பிறழ்வு' போன்ற நூல்களுடன் பல இரவுகள் இருக்கவேண்டும். நம்முடைய அழுகையை அவர்கள் அறிவதற்கும் அதே வழிதான் உண்டு. அதற்கு நமது நாவல்கள் சிங்களத்துக்குச் செல்லவேண்டும், நமது படங்கள் எடுக்கப்படவேண்டும், எடுக்கப்பட்டவற்றை முதலில் நாமே பார்க்கவேண்டும். ஒருவர் வீட்டின் வாசலை மற்றவர் கண்டுவிட்டு, வீட்டையே கண்டதாக எண்ணித் திரும்பியதால் இந்நாட்டில் நேர்ந்தவை கொஞ்சமல்ல.

ஆதலின், "படத்தைப் பார்த்தாயிற்று, இனி நூல் எதற்கு?" என்று வினவுவோர்க்கு நூலகத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகள் உள்ள தட்டைக் காட்டுவதே தகுந்த விடை. "நாவலில் உள்ளது படத்தில் இல்லை" என்று கூறி எழுந்துவிடும் அறிஞர்க்கு, சர்வஜயா வாய் திறக்கும் அக்கணம்வரை சற்றுப் பொறுத்திருக்குமாறு கூறலாம்.